எலும்பை நிரப்பும் பொருளுக்கு ஏன் இல்லை விலை வரம்பு?

முழங்கால் மூட்டு உபகரணங்களுக்கான விலை உச்சவரம்பை மறுபடியும் நீட்டித்த மத்திய அரசின் விலைக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், உடைந்த எலும்பின் இடைவெளியை நிரப்பும் பொருள்களை மறுபடியும் வரம்புக்கு வெளியிலேயே விட்டுவிட்டார்கள். 2017 ஆகஸ்டில் அந்த வரம்பு வந்ததிலிருந்து ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் இதுதான் நடக்கிறது. இது கவனக்குறைவு என்று முதல் முறை சொல்லியிருக்கலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இதை ஒரு முடிவு என்றுதான் சொல்ல வேண்டும். அதுவும் தவறான முடிவு.

இதனால் அடிபடுவது யார்? திருச்சி–ராமேசுவரம் நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்திலிருந்து தூக்கியெறியப்பட்டு, கால் எலும்பு நொறுங்கிப்போன தேவகோட்டை இளைஞர்தான். பிளேட்டும் ஸ்குரூவும் எலும்பைப் பிடித்து நிறுத்தும். இழந்த எலும்பைத் திருப்பித் தராது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து வைப்பது நெடுநாள் வழக்கம். அதற்கு இன்னொரு இடத்தில் கீற வேண்டும். அந்த வலி பல நாள் நீடிக்கும். எடுக்கக்கூடிய அளவும் குறைவு. இதற்கு மாற்றாக வந்தவைதான் கால்சியம் பாஸ்பேட்டும் இயற்கைப் பாலிமரும் சேர்ந்த நிரப்பிகள்.

இவற்றை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. நம் எலும்பின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தாது. எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். தாது மட்டும் இருந்தால் நொறுங்கும். புரதம் மட்டும் இருந்தால் வளையும். செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த கொத்தனாருக்குத் தெரிந்த உண்மை இது. செயற்கைத் தாதுவோடு கொலாஜன், ஜெலட்டின், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் போன்றவற்றைச் சேர்த்தால், நுண்துளைகளுள்ள ஒரு சாரம் கிடைக்கிறது. அதன் வழியே ரத்தக்குழாயும் புது எலும்பும் வளர்கின்றன. சாரம் மெல்லக் கரைந்து இடம் விடுகிறது.

இதன் விலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள்? உச்சவரம்பு இல்லாத எல்லா மருத்துவ உபகரணங்களுக்கும் 2020 ஏப்ரல் முதல் உள்ள விலை விதி ஒன்றே ஒன்று: ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலையை உயர்த்தக் கூடாது. முதல் விலையை எவ்வளவு வைத்தாலும் கேட்க ஆளில்லை. ஆண்டுதோறும் 10 சதவீதம் ஏறினால் எட்டே ஆண்டில் விலை இரட்டிப்பைத் தாண்டிவிடும். இதைக் கட்டுப்பாடு என்று எந்த நோயாளியிடம் சொல்ல முடியும்? வரம்பு வைத்தால் என்ன ஆகும் என்பதை இவர்களே காட்டியிருக்கிறார்கள். சுமார் 1,58,000 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் முழங்கால் மூட்டு, 2017-இல் 54,720 ரூபாய்க்கு இறங்கியது. லாபம் 300 சதவீதத்தைத் தாண்டியிருந்தது என்று அரசே அப்போது சொன்னது. மூட்டில் கண்ட கொள்ளையை எலும்பு நிரப்பியில் தேடிப் பார்க்கக்கூட மறுப்பது ஏன்?

அரசுத் திட்டங்கள் இருக்கின்றனவே என்று பதில் வரும். இன்னுயிர் காப்போம் திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்துக்கானது. எலும்பு கூடவில்லை என்பது தெரிவதோ மாதங்கள் கழித்து. முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அதற்குச் சற்று மேலே சம்பாதிக்கும் லாரி ஓட்டுநர் கடன் வாங்கித்தான் நிரப்பி வாங்க வேண்டும்.

இதே அதிகார வட்டத்தின் பழைய கணக்கையும் மக்கள் மறந்துவிடவில்லை. இதய ஸ்டென்ட்டை 2016-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டு, விலையை அறிவிக்காமல் இழுத்தடித்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் கெடு வைத்த பிறகே 2017 பிப்ரவரியில் விலை இறங்கியது. அதற்கும் முன்பு, உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டு ஒன்றை அதன் தயாரிப்பு நிறுவனம் 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் அது சுமார் 4,700 அறுவைச் சிகிச்சைகளில் பொருத்தப்பட்டிருந்தது. இங்கே நிபுணர் குழு அமைக்க 2017 வரை ஆனது. ஏழு ஆண்டுகள்! ரத்தத்தில் உலோகம் கலந்தவர்களை அத்தனை காலம் காக்க வைத்தவர்கள்தான் இன்று எலும்பு நோயாளியையும் காக்க வைக்கிறார்கள்.

உள்நாட்டில் அறிவு இல்லையா? திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வைவிட மிகக் குறைந்த விலையில் பல்லாயிரம் பேரைக் காத்தது. அதே நிறுவனம் ஹைட்ராக்ஸிஅபடைட் நிரப்பிகளையும் உருவாக்கியிருக்கிறது. கொலாஜனில் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பல்லாண்டு அனுபவம் உண்டு. தொண்டிக் கரையில் இறால் ஓடு இருக்கிறது. அங்கேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையும் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948-இல் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்தார். அறிவியல் இந்த மண்ணின் ஏழைக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காகத்தான் அத்தகைய கொடைகள். ஆய்வுக்கூடத்தில் பிறந்த பொருள் அரசு மருத்துவமனைப் படுக்கைக்கு வந்து சேராமல் தடுப்பது அறிவியலின் குறை அல்ல. முடிவெடுக்கும் நாற்காலிகளின் அலட்சியம்.

எலும்பு நிரப்பிகளின் விலைக்கு உரிய வரம்பு வர வேண்டும். உள்நாட்டுத் தயாரிப்புக்கு உண்மையான ஊக்கம் வேண்டும். எப்படிச் செய்வது என்பது அவர்கள் பொறுப்பு. செய்யாமல் விட இனி அவர்களுக்கு உரிமை இல்லை. அடுத்த நீட்டிப்பு ஆணையிலும் இந்தப் பொருள்கள் விடுபட்டால், நொறுங்கிய கால்களின் மேல் லாபம் பார்ப்பவர்களின் பக்கம்தான் அவர்கள் நிற்கிறார்கள் என்று நாம் வெளிப்படையாகவே எழுதுவோம்.