ஒரு மணி நேரச் சல்லடை



நன்னெறிப் பாடத்தில் 'விடாமுயற்சி' என்ற தலைப்பு வரும்போதெல்லாம் எடிசனின் மின்விளக்கையும் சிலந்தியின் வலையையும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். சில ஆண்டுகளாக அவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு, ஒரு கார் பந்தய ஓட்டுநரின் வாழ்க்கையைச் சொல்லி வருகிறேன். அதற்கான காரணத்தை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

2019 டிசம்பரில் உலக டூரிங் கார் கோப்பையின் இறுதிச் சுற்று நம் செப்பாங்கில் நடைபெற்றது. பந்தயப் பித்தனான என் தம்பி வற்புறுத்தி அழைத்துச் சென்றான். டூரிங் கார் என்பது நாம் சாலையில் காணும் ஹோண்டா, ஹுண்டாய் போன்ற கார்களின் உருவத்திலேயே பந்தயத்திற்கென மாற்றி அமைக்கப்பட்ட வண்டி. ஓட்டுநர்களுள் ஒருவரைச் சுட்டி, "அக்கா, இவருக்கு 57 வயது. போன ஆண்டு வெற்றியாளர் இவர்தான்" என்றான் தம்பி. அவர்தான் இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேலே தார்குவினி.

வீடு திரும்பியதும் அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். வியப்பைக் காட்டிலும் ஒருவகைக் குற்றவுணர்வே மிஞ்சியது.

1962-இல் பிறந்த தார்குவினி, 1987-இல் பார்முலா 1 பந்தயத்தில் அடியெடுத்து வைத்தார். அங்கே அவர் 78 பந்தயங்களுக்குப் பதிவு செய்யப்பட்டார். தொடக்கக் கோட்டில் நின்றது 38 பந்தயங்களில் மட்டுமே. மற்ற 40 முறையும் போட்டி தொடங்கும் முன்னரே வெளியேறினார். அவர் பெற்ற மொத்தப் புள்ளி ஒன்று. 1989-இல் மெக்சிகோவில் ஆறாவதாக வந்து பெற்றது அது.

அக்காலத்தில் பந்தயத்திற்கு வந்த கார்கள் மிகுதி. 1989-இல் 39 கார்கள் வந்தன. ஓடுவதற்கு இடமோ 26-க்குத்தான். ஆகவே, சிறிய அணிகளுக்கென 'முன்தகுதிச் சுற்று' ஒன்று வைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை 8 மணி முதல் 9 மணி வரை. 13 கார்களில் 4 மட்டுமே தேறும். எஞ்சிய 9 ஓட்டுநர்களும் காலை ஒன்பது மணிக்கே மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். இந்தச் சுற்றில் மிக அதிக முறை தேறாமற்போனவர் என்ற பதிவு தார்குவினியின் பெயரில் உள்ளது.

மெக்சிகோவில் புள்ளி பெற்ற அதே ஆண்டின் நடுவில்தான் அவருடைய அணி அந்தச் சுற்றுக்குத் தள்ளப்பட்டது. அவ்வணியின் பெயர் ஏஜிஎஸ். பிரான்சில் கோன்ஃபரோன் என்னும் சிற்றூரின் கார்ப் பட்டறையில் பிறந்த அணி. பெரும் நிறுவனங்களின் வண்டிகளுக்கு முன் அதன் வண்டி எம்மாத்திரம்? அந்த ஒரு மணி நேரம் ஓட்டுநரையும் வண்டியையும் சேர்த்தே அளந்தது. பதிவேட்டிலோ ஓட்டுநரின் பெயர் மட்டுமே ஏறி நின்றது.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள்.

1994-இல் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் அவரைப் பிரிட்டிஷ் டூரிங் கார் போட்டிக்கு அனுப்பியது. வந்த முதல் ஆண்டிலேயே வாகை சூடினார். 2003-இல் ஐரோப்பிய வாகையர் ஆனார். 2009-இல் மக்காவில் நடந்த இறுதிச் சுற்றில், தம் 47-ஆவது வயதில், செயாட் காரில் உலக வாகையர் பட்டம் பெற்றார். 1957-இல் 46 வயதில் உலக வாகையரான ஃபாஞ்சியோவையும் வயதில் விஞ்சினார். 2018-இல் அதே மக்காவில், 56-ஆவது வயதில், மூன்றே புள்ளி வேறுபாட்டில் உலகக் கோப்பையை வென்றார். அவரிடம் தோற்றவர் இவான் முல்லர். 2008-இலும் 2010-இலும் உலகப் பட்டத்தில் இவரை இரண்டாம் இடத்திற்குத் தள்ளிய அதே முல்லர்! 2021-இன் இறுதியில் தார்குவினி பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

பார்முலா 1-இல் தேறாதவர் இங்கே எப்படி வென்றார்? களத்தின் இயல்பு வேறு. உலக டூரிங் கார் போட்டியில் வென்றவரின் காரில் கூடுதல் எடை ஏற்றினார்கள். இரண்டாம் பந்தயத்தில் முன்னணியினரைத் தலைகீழ் வரிசையில் நிறுத்தினார்கள். கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடும். முன்சக்கர இயக்கம் உள்ள காரில் இழுப்பதும் திருப்புவதும் முன் டயர்களே. அவற்றை இறுதிவரை காத்து ஓட்டுவது தனிக்கலை. பொறுமை, கணிப்பு, பட்டறிவு ஆகியவை இங்கே மதிப்புப் பெற்றன.

இதைத்தான் மாணவர்களிடம் சொல்கிறேன். ஆனால், விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக மட்டும் சொல்வதில்லை. தார்குவினி பார்முலா 1-இல் விடாமல் முயன்று வென்றவர் அல்லர். அங்கே அவர் கடைசிவரை வெல்லவேயில்லை. 'இன்னும் முயற்சி செய், இன்னும் முயற்சி செய்' என்று மட்டும் சொல்வது ஆசிரியருக்கு எளிது. பழி முழுவதும் பிள்ளையின் தலையில் விழுந்துவிடும். களம் பொருந்துகிறதா, கையில் கொடுத்த வண்டி எத்தகையது என்று பார்ப்பதுதான் கடினம். அது நம் வேலை.

குற்றவுணர்வு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பணியில் சேர்ந்த புதிதில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பதிவட்டையில், 'எவ்வளவு முயன்றும் முன்னேற்றமில்லை' என்று எழுதினேன். அவன் இடைநிலைப் பள்ளிக்குப் புகுமுக வகுப்பு வழியாகவே போனான். பல ஆண்டுகளுக்குப் பின், தம் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க வந்தார். பள்ளி வேன் ஓட்டுகிறார். "டீச்சர், நீங்கள் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம்" என்று சொல்லி, அந்த வரியைப் பிழையின்றி ஒப்புவித்தார். சினம் இல்லாமல், சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் தைத்தது.

அந்தப் பிள்ளையின் வீட்டில் படிக்க ஒரு மேசை இருந்ததா என்று நான் அன்று கேட்டதில்லை.

சல்லடையே கூடாது என்பது என் வாதமன்று. 39 கார்கள் ஒரே தடத்தில் ஓட முடியாது; தேர்வும் ஒரு தேவைக்காகவே வைக்கப்படுகிறது. ஆனால், சல்லடை அந்த நாளின் கணக்கை மட்டுமே சொல்லும். அதை ஆயுள் தீர்ப்பாக எழுதுகின்ற கை நம்முடையது. 2021-இல் யுபிஎஸ்ஆர் அகற்றப்பட்டது. நம் பேனாவும் நாவும் அதனோடு மாறிவிட்டனவா? 'இவனுக்குப் படிப்பு வராது' என்ற சொல் ஆசிரியர் அறையில் இன்றும் காதில் விழுகிறது.

பதிவட்டையில் குறிப்பு எழுதும்போது இப்பொழுதெல்லாம் ஒரு கணம் நிறுத்துகிறேன். 'இதுவரை' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கிறேன். இவ்வாண்டு என் வகுப்பில் 'இதுவரை' என்று எழுதப்பட்ட பிள்ளைகளுள் அந்த வேன் ஓட்டுநரின் மகளும் ஒருத்தி. இம்முறை, அவள் வீட்டில் மேசை உண்டா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

ஆசிரிய நண்பர்களே, நீங்கள் எழுதிய எந்த வரியை எந்த மாணவர் மனப்பாடமாக வைத்திருப்பார்? எண்ணிப் பாருங்கள்.