கணக்கில் இருக்கிறது, பெட்டியில் இல்லை

வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவரும் நூலக வரியும் கட்டுகிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பும் அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் உறுதியும் சேர்ந்து பிறந்தது. அதன் உயிர்நாடி, சொத்துவரியின்மீது விதிக்கப்படும் இந்தச் சிறு வரி. இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு.

இந்தப் பத்துக் காசு மாநகராட்சியின் வருமானமன்று. வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பிப்பது மட்டுமே அதன் வேலை. கணக்கியலும் இதையேதான் சொல்கிறது. தமிழக நகராட்சிகள் 2000-ஐ ஒட்டி இரட்டைப் பதிவு முறைக்கு மாறின. 2004-இல் தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடும் வந்துவிட்டது. அம்முறைப்படி, பிறருக்காக வசூலித்த தொகை வரவில் சேராது. கொடுக்கவேண்டிய கடனாகப் பொறுப்புகளின் பக்கத்தில் நிற்கும்.

ஆக, ஏட்டில் பிழையில்லை. பிழை பெட்டியில். தனியே எடுத்துவைக்கப்படாத பணம் பொதுப் பணத்தோடு கலந்து, சம்பளமாகவும் ஒப்பந்தக்காரர் பட்டியலாகவும் கரைந்துபோகிறது. கடன் மட்டும் ஆண்டுதோறும் இருப்புநிலைக் குறிப்பில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கும். தணிக்கையாளர் சுட்டிக்காட்டுவார், அலுவலகம் பதில் எழுதும், கோப்பு மூடப்படும். சென்னை மாநகராட்சி நூலக வரியை நிலுவை வைத்த செய்தியை நாளிதழ்களில் எத்தனை முறை படித்துவிட்டோம்!

நிதி நெருக்கடி என்பார்கள். நெருக்கடி உண்மைதான். சென்னையில் 1998-க்குப் பிறகு 2018-இல் உயர்த்திய சொத்துவரியை அடுத்த ஆண்டே நிறுத்திவைத்தார்கள். மறுபடி உயர்த்த 2022 வரை ஆயிற்று. ஆனால், வரியை உயர்த்த அஞ்சும் அரசியலுக்கு நூலகம் ஏன் விலை கொடுக்கவேண்டும்? சாக்கடை முக்கியமா, புத்தகம் முக்கியமா என்ற கேள்வியே இங்கு எழவில்லை. சாக்கடைக்கென்று கேட்டு வாங்கிய காசன்று இது. நூலகத்தின் பெயரைச் சொல்லி வாங்கிய காசு. அடைக்கலப் பொருளைச் செலவழித்துவிட்டு, 'கணக்கில் எழுதியிருக்கிறோம்' என்பது நேர்மையாகாது.

நூலக ஆணையை நம்பி அச்சேறும் கவிதைத் தொகுதிகளையும், நூலகச் சந்தாவால் மூச்சுவிடும் சிற்றிதழ்களையும் அறிந்த நமக்கு இது வெறும் கணக்குப்பிள்ளை விவகாரமன்று. மழையில் ஒழுகும் கிளை நூலகமும், புது நூல் வராத அடுக்கும் இந்த நிலுவையோடு தொடர்புடையவை.

நாம் கேட்பது அதிகமில்லை. வசூலாகும் நாளிலேயே நூலக வரி தனி வங்கிக் கணக்கிற்குப் பிரிந்துபோகட்டும். ஆண்டுதோறும் மூன்று எண்களை மட்டும் மாநகராட்சி வெளியிடட்டும்: வசூலானது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. பொறுப்புகளின் பக்கத்தில் அச்சிட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது. விருதுச் சர்ச்சைகளுக்குச் செலவாகும் மையில் சிறிதை, நண்பர்களே, தத்தம் வட்டார மாமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதச் செலவிடுவோம்.