புனர்வாழ்வு முடிந்து வரும் பொடியனை நாம் என்ன செய்கிறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும் பள்ளிவாசல் நிர்வாகங்களில் இருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

ஜூன் 26 வந்தால் ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பதாகை எழுத வேண்டும், பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நடத்த வேண்டும், பிரதான வீதியில் நின்று போட்டோ எடுக்க வேண்டும். 1987இல் ஐ.நா. சபை அந்த நாளைப் போதைப்பொருளுக்கு எதிரான நாளாக அறிவித்தது. நாங்களும் வருடா வருடம் நடக்கிறோம். ஊரில் ஐஸ் குறைந்ததா என்று மட்டும் யாரும் எங்களிடம் கேட்பதில்லை.

ஒரு வருடம் எங்களுக்குப் புது யோசனை வந்தது. ஊர்வலம் முடிந்த பிறகு, போதையில் விழுந்து எழும்பிய ஒருவரையே பிள்ளைகளுக்கு முன்னால் பேச வைப்போம் என்று. ஊரில் ஒரு தம்பி இருந்தார். புனர்வாழ்வு முடிந்து வந்து நாலு மாதம். மேசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சுபஹுக்குப் பள்ளியில் காணலாம். போய்க் கேட்டோம். தயங்கினார். "பிள்ளைகளுக்குப் பிரயோசனம் தம்பி, உங்களுக்கும் நன்மை" என்றோம். படிப்பித்த சேர்மார் நாலு பேர் வாசலில் வந்து நின்றால் எந்தப் பொடியன் மறுப்பான்?

பேசினார். பிள்ளைகள் அழுதார்கள். வீடியோ எடுத்து பேஸ்புக்கில் ஏற்றினோம். அஸருக்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. தெரியாமல் இருந்தவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. அடுத்த கிழமை மேசன் பாஸ் "வீட்டுக்காரர் விரும்பல்ல" என்று வேலையை நிறுத்தினார். மூன்றாவது கிழமை அந்தத் தம்பி மறுபடியும் பாவித்தார்.

இதை மறைத்துவிட்டு போதையைப் பற்றி நாங்கள் எழுத முடியாது. அதனால்தான் முதலில் சொல்கிறோம்.

பிறகு ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனபோது சொன்னார்: "சேர், நீங்க கேட்டதெல்லாம் எப்படிப் பாவிச்ச, எங்க வாங்கின, வீட்டில என்னென்னத்த வித்த எண்டுதான். விட்ட பிறகு எப்படி இரிக்கன் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

அன்றுதான் கேட்டோம். ஒரு மணித்தியாலம் கதைத்தார். ஆசிரியர் கலாசாலையில் படித்த உளவியலை விட அது அதிகம்.

நம்மில் பெரும்பாலானோர், உடம்பு நடுங்குவதும் வாந்தியும்தான் நோய் என்று நினைக்கிறோம். தூள் பாவித்தவருக்கு அந்த வேதனையின் உச்சம் இரண்டாம் மூன்றாம் நாள். ஒரு கிழமைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஐஸ் விட்டவர் முதல் நாட்களில் கிடந்து தூங்குவார், கண்டதையும் சாப்பிடுவார். அதற்குப் பிறகு வருவதுதான் கஷ்டம். கிழமைக்கணக்காக, சிலருக்கு மாதக்கணக்காக, எதிலும் ருசி இருக்காது. சோற்றிலும் இல்லை, கிரிக்கெட்டிலும் இல்லை, சொந்தப் பிள்ளையின் சிரிப்பிலும் இல்லை. அந்த நேரம் பார்த்து நாம் சொல்வோம்: "இப்ப சுகம்தானே, என்னத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிருக்காய்?"

மூளை பழையதை மறப்பதில்லை. சிகரட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளைக் கண்டால் அவருக்கு வயிற்றைப் புரட்டுமாம். லைட்டர் தட்டும் சத்தம் கேட்டால் கை வேர்க்குமாம். ஆகவே அவர் தன்னையே ஒரு பாடமாகப் படித்து வைத்திருந்தார். அவருடைய ஆபத்தான நேரம் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில். ஆபத்தான நாள் சனிக்கிழமை, சம்பள நாள். ஆபத்தான ஆள் வாப்பா. வாப்பாவுடன் வாய்த்தர்க்கம் வந்தால் கால் தானாகச் சந்திப் பக்கம் திரும்பும்.

போதையிலிருந்து மீள்பவர்கள் ஒன்றுகூடும் குழுக்களில் நாலு விடயத்தைக் கவனிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. இந்த நாலில் ஒன்று வந்தாலே உஷார், இரண்டு சேர்ந்து வந்தால் உடனே ஒரு ஆளைத் தேடிப் போ. நம்ம தம்பிக்கு இந்தப் பாடத்தை யாரும் படிப்பித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் சாரனில் எப்போதும் ஒரு பணிசும் இரண்டு கதலியும் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனார். சம்பளத்தை உம்மாவின் கையில் கொடுக்கச் சொல்லி பாஸிடம் தானே கேட்டிருந்தார். சிம்மை மாற்றியிருந்தார். பள்ளிக்குச் சந்தியால் போகாமல் கடற்கரைப் பாதையால் சுற்றிப் போனார். நாங்கள் அதைப் பார்த்து, "ஆள் ஒளிச்சுத் திரியிறான், என்னமோ இருக்கு" என்று பேசியது இன்னொரு கதை. இரவுத் தோணிக்குக் கூப்பிட்டார்கள், காசும் அதிகம், போகவில்லை. கண் விழிப்பதற்குத்தான் அவர் முதன்முதலில் ஐஸைத் தொட்டது.

இவ்வளவு கவனமாகக் கட்டி வைத்த ஒன்றைத்தான் நாங்கள் ஒரு வீடியோவால் உடைத்தோம்.

சூழல் என்பது சின்ன விடயம் அல்ல. 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரைப் பற்றி லீ ரொபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் செய்த ஆய்வு பிரபலமானது. அங்கே தூளுக்கு அடிமையானவர்களில், ஊருக்கு வந்த பிறகு முதல் வருடத்தில் மறுபடியும் அடிமையானவர்கள் மிகச் சிறு பகுதிதான். அந்த இடம், அந்தப் பயம், அந்தக் கூட்டாளிகள், மலிவாகக் கிடைத்த தூள் எல்லாம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. நமக்கு இது புதிதா? நூறு கொலை செய்தவரின் ஹதீஸை நாம் எத்தனை குத்பாவில் கேட்டிருக்கிறோம். தவ்பா உண்டு என்று சொன்ன அறிஞர், கூடவே அந்த ஊரை விட்டு நல்லவர்கள் இருக்கும் ஊருக்குப் போகவும் சொன்னார்.

நம் பிள்ளைகளுக்கு வேறு ஊர் இல்லை. அதே சந்திக்குத்தான் திரும்பி வருகிறார்கள். அப்படியானால் நல்லவர்கள் இருக்கும் ஊராக நாம்தான் இருக்க வேண்டும். என்ன செய்கிறோம்? யாருடைய சைக்கிள் களவு போனாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். தொழுகையில் பக்கத்தில் நின்றால் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறோம். நோன்பு காலத்தில் தறாவீஹ் முடிந்து ஸஹர் வரைக்கும் இளைஞர்கள் ரோட்டில் நிற்பதைக் கண்டும் காணாமல் போகிறோம். திருந்தி வந்த ஒருவருக்கு வருடத்திலேயே ஆபத்தான முப்பது இரவுகள் அவைதான்.

இன்னொரு வைத்தியமும் வைத்திருக்கிறோம். "ஒரு கலியாணத்த முடிச்சு வெச்சா சரியாகிரும்." பொறுப்பு வந்தால் திருந்துவானாம். எங்களிடம் உயர்தரம் படித்த பிள்ளை ஒருத்தியை, உண்மையைச் சொல்லாமல், வந்து மூன்று மாதமான ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவள் இப்போது கைக்குழந்தையோடு உம்மா வீட்டில். பெண்பிள்ளை மருந்து அல்ல. முதலில் அவர் ஒரு வருடம் தன் காலில் நிற்கட்டும், பிறகு பெண் வீட்டாருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை, இதில் நாங்கள் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

மறுபடியும் விழுந்தால்? விழக்கூடும். பிரஷர், ஆஸ்துமா நோயாளிக்கு மருந்து தவறினால் நோய் திரும்புவது போல இதுவும் திரும்பும். ஒரு தடவை பாவித்தவர் "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று நினைக்கும் அந்த ராத்திரிதான் அவரை அடியோடு கொண்டுபோகிறது. அந்த நினைப்பை ஊட்டுவது பெரும்பாலும் நம் வாய்தான். மது குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்ட ஒருவரை ஒரு ஸஹாபி சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள் என்பது புகாரியில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டவர் என்பதைக் கவனியுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று: பல மாதம் தூளை விட்டிருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு பாவித்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்று மௌத்தாகலாம். உதடு நீலம் பூத்து, குறட்டை மாதிரி மூச்சு வந்து, தட்டியும் எழும்பாவிட்டால் "தூங்கி எழும்பட்டும்" என்று விடாதீர்கள். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், 1990க்கு அடியுங்கள். வெட்கத்தைப் பிறகு பார்க்கலாம். ஆலோசனை கேட்க தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இருக்கிறது. சபையின் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நித்தம்புவ என்று நம் கிழக்குக்குத் தூரமாக இருப்பதால், பக்கத்து ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் முதலில் போய்க் கேளுங்கள்.

அந்தத் தம்பி மறுபடியும் எழும்பினார். இந்த மாதத்தோடு பதினொரு மாதம். வீடியோவை அழித்துவிட்டோம்; பிறர் போனில் இருப்பதை எங்களால் அழிக்க முடியாது. பாஸிடம் நாங்கள் மூன்று பேர் போய்ப் பேசினோம், முதல் இரண்டு தடவையும் முடியாது என்றார். இப்போது அஸர் முடிய எங்களில் ஒருவர் அவரோடு கடற்கரைப் பக்கம் நடக்கிறோம். பெரும்பாலும் கிரிக்கெட்தான் கதைப்போம். சில நாள் ஒன்றுமே கதைப்பதில்லை.

இந்த ஜூனில் ஊர்வலம் வேண்டாம், அந்தக் காசில் பெற்றோரைக் கூப்பிட்டு இருந்து பேசுவோம் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.

ஆள் யார், எந்தத் தெரு என்று கமெண்டில் கேட்க வேண்டாம். ஊகித்துப் பெயர் போட்டால் அழித்துவிடுவோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள், இஷாவுக்குப் பிறகு பார்ப்போம்.