முகம் பார்த்து வரைவோம்

ஓவியம் என்றாலே அது பிறவியில் வாய்க்க வேண்டிய வரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். "எனக்குக் கோடுகூட நேராக வராது" என்று சொல்லி ஒதுங்கியும் விடுகிறோம். முகம் வரையக் கையைவிடக் கண்ணுக்கே பயிற்சி தேவை என்பது என் கருத்து. இதை நான் சற்றுக் காலம் தாழ்ந்தே உணர்ந்தேன்.

சென்ற ஆண்டு என் அப்பத்தா காலமானார். வீட்டில் அவருடைய படம் என்று இருந்தது, ஆதார் அட்டையில் உள்ள சிறு படம் ஒன்றுதான். அதைக் கைபேசியில் பெரிதாக்கி, தாளில் கட்டம் போட்டு, இரண்டு இரவுகள் விழித்து வரைந்தேன். ஒரு கட்டமும் பிசகவில்லை. அம்மா பார்த்தார். "அட்டையில இருக்கிற மாதிரியே இருக்குப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பத்தொன்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும், சிரிக்கும்போது அப்பத்தாவின் கன்னம் எங்கே குழிந்தது என்று எனக்கு நினைவில்லை!

அதன்பிறகே எதிரில் இருப்பவரைப் பார்த்து வரையத் தொடங்கினேன். அம்மா முருங்கைக்கீரை ஆயும் அரைமணி நேரமே என் ஓவியப் பள்ளி. முதல் தவறு கண்ணில் நேர்ந்தது; அதை மிக உயரத்தில் வைத்துவிட்டேன். உண்மையில், உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழச் சரிபாதியில் கண்கள் அமைகின்றன. தலையின் அகலம் ஐந்து கண்ணளவு. புருவத்திற்கும் மூக்கின் அடிக்கும் நேராகக் காது நிற்கிறது. நம் சிற்பிகள் முகத்தின் நீளத்தை ஒரு தாலம் எனக் கொண்டு, அதை 12 அங்குலமாகப் பகுத்து உருவங்களை அளந்தனர். அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ லூமிஸ், 1956-இல் வெளிவந்த தம் நூலில், பக்கங்கள் சீவிய பந்து ஒன்றிலிருந்து தலையை அமைக்கும் முறையைக் காட்டினார். இந்த அளவுகள் எல்லோருக்கும் பொது. அவற்றிலிருந்து அம்மாவின் முகம் எங்கே விலகுகிறதோ, அங்கேதான் அம்மா இருக்கிறார்.

கரித்துண்டா, கணினியா என்று நண்பர்கள் வாதிடுவதுண்டு. கணினி ஓவியத்தை நான் இகழமாட்டேன். கிரிட்டா போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நல்ல தாள் வாங்கத் தயங்கும் நம் போன்றோர்க்கு அது பெருந்துணை. படத்தை இடவலமாகத் திருப்பினால் கோணிய தாடை உடனே தெரிந்துவிடும். ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பிழை காணுமாறு லியனார்டோ டா வின்சி அன்றே சொன்னதும் இதைத்தானே! ஆனால், போட்ட கோட்டை ஒரு தொடுதலில் நீக்கிவிடலாம் என்னும்போது, போடுமுன் யோசிக்கும் பழக்கம் தேய்கிறது. கரித்துண்டு அப்பழக்கத்தை வளர்க்கிறது. ஆகவே இரண்டும் வேண்டும்.

வேண்டாதது ஒன்று உண்டு. அது ஒளிப்படத்தின்மேல் அப்படியே கோடு இழுப்பது. கைநீட்டி எடுத்த தற்படத்தில் மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் தோன்றும். மிக அருகிலிருந்து எடுப்பதன் விளைவு அது. அதன்மேல் கோடு இழுப்பவர் கேமராவின் பிழையையும் சேர்த்தே வரைகிறார்.

ஆய்வகத்தில் நம் பேராசிரியர்கள் என்ன சொல்கிறார்கள்? நுண்ணோக்கியில் கண்டதை வரை. மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரையாதே என்கிறார்கள். ஓவியத்திற்கும் அதே விதி பொருந்தும் அன்றோ? கல்லூரி ஓவியப் போட்டிகளில் தலைவர்களின் படங்களைப் பார்த்து வரைவதோடு, ஓர் ஆளை எதிரே அமர்த்தி வரையும் பிரிவு ஒன்றையும் சேர்க்கலாம். கேன்டீனில் தேநீர் ஆற்றும் பெரியவர் ஒரு மணி நேரம் அமர இசைந்தால், நாற்பது மாணவர்கள் அவரை முதன்முறையாகப் பார்ப்பார்கள்.

என் அப்பத்தாவை இனி நான் பார்த்து வரைய இயலாது. உங்கள் வீட்டிலோ இன்று ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். ஒரு பென்சிலோடு அவர் எதிரே சென்று அமருங்கள், நண்பர்களே!