செயற்கை மூட்டில் கிருமித் தொற்று: மறைக்கக் கூடாத கணக்கு

இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ தேய்ந்து நடமாட்டம் இழந்த முதியோருக்கு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை மறுவாழ்வு அளிக்கின்றது என்பதில் இரு கருத்துகளுக்கு இடமில்லை. ஆயினும் நூற்றில் ஓரிருவருக்கு அச்செயற்கை மூட்டின் மீதே கிருமி குடியேறிவிடுகின்றது. விகிதம் சிறிதுதான். ஆனால் அகப்பட்டவருக்கு அது மாதக்கணக்கான துன்பமாகும்.

உலோகத்துக்கு இரத்தோட்டம் கிடையாது. அதில் ஒட்டிக்கொள்ளும் பற்றீரியாக்கள் தம்மைச் சுற்றிப் பசை போன்றதொரு படலத்தை அமைத்துக்கொள்கின்றன. நாட்கள் செல்லச் செல்ல எந்த நுண்ணுயிர்கொல்லியும் அதனை எளிதில் ஊடுருவ முடியாது. எனவே தொற்று தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் மூட்டைத் திறந்து கழுவி, பிளாஸ்டிக் பாகத்தை மட்டும் மாற்றி, உலோகப் பாகத்தைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. காசநோய்க்கு வழங்கப்படும் ரிபம்பிசினை வேறொரு மருந்துடன் சேர்த்து வழங்குவது இதற்குத் துணைபுரியும் என்பதை 1998இல் சுவிற்சர்லாந்து வைத்தியர்கள் வெளியிட்ட சிறியதோர் ஆய்வு காட்டியது. காலம் கடந்துவிட்டாலோ மூட்டு முழுவதையும் அகற்ற நேரிடுகின்றது. பலருக்கு மருந்து கலந்த எலும்புச் சீமெந்தை இடையில் வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்த பின்னரே புதிய மூட்டுப் பொருத்தப்படுகின்றது.

இந்நிலையில், காயத்தில் நீர் கசியும்போது மருந்தகத்தில் ஏதோவொரு மாத்திரையை வாங்கி விழுங்குவது பேராபத்தாகும். கசிவு நிற்கலாம், கிருமி நிற்பதில்லை. பின்னர் ஆய்வுகூடத்தில் அது எவ்வகைக் கிருமியெனக் கண்டறிவதும் கடினமாகிவிடும். சத்திரசிகிச்சை செய்த வைத்தியரிடமே திரும்பிச் செல்ல வேண்டும்.

தடுப்பைப் பொறுத்தவரை, நவீன இடுப்பு மூட்டு மாற்றின் முன்னோடியான ஜோன் சார்ன்லியின் அனுபவம் கவனத்துக்குரியது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் 1960களின் தொடக்கத்தில் அவரது நோயாளரில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுவர் தொற்றுக்குள்ளாகினர். இதனை அவர் மூடிமறைக்கவில்லை, எண்ணினார், வெளியிட்டார். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வடிகட்டிய காற்றையும், குழுவினருக்கு உடலை முழுமையாக மூடும் ஆடையையும் ஏற்பாடு செய்தார். காலப்போக்கில் தொற்று நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்தது. சுமார் 8,000 சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து 1982இல் வெளியான பிரித்தானிய ஆய்வும், தூய காற்று தொற்றைப் பாதியளவாகக் குறைத்ததென உறுதிப்படுத்தியது. தோலைக் கீறுவதற்கு முன் ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்கொல்லி வழங்குவதும், நீரிழிவை முன்கூட்டியே கட்டுப்படுத்துவதும் இன்று அடிப்படை விதிகளாகியுள்ளன. இவற்றுக்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை, ஒழுங்கே தேவை.

சுவீடன் 1975இல் முழங்கால் மூட்டுக்கும் 1979இல் இடுப்பு மூட்டுக்கும் தேசிய பதிவேடுகளைத் தொடங்கியது. எந்த மூட்டு, எங்கே, எதனால் பழுதடைந்தது என்பதை அங்கே எவரும் ஊகிக்க வேண்டியதில்லை. இத்தகைய சத்திரசிகிச்சையை நடத்தும் எந்த வைத்தியசாலையும், அரசினதாயினும் தனியாருடையதாயினும், தனது தொற்று எண்ணிக்கையை நோயாளர் கையொப்பமிடுமுன் அவரிடம் கூறத் தயாராயிருக்க வேண்டும். கேட்பதற்கு நோயாளருக்கும் உரிமையுண்டு.