அழைப்புக் கடிதமா, ஏணியா?

2023 செப்டெம்பர் 4ஆம் திகதி பல்லேகலையில் இந்தியாவுக்கு எதிராக நேபாளம் 230 ஓட்டங்கள் எடுத்தது. அடுத்த நாள் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இவங்களை ஆர் ஆசியக் கிண்ணத்துக்குக் கூப்பிட்டது?"

ஒருவரும் கூப்பிடவில்லை. ஏறி வந்தார்கள். அந்த வருடம் ஆசிய கிரிக்கெட் பேரவையின் பிரீமியர் கிண்ணத்தில் பத்து நாடுகள் ஆடின. கீர்த்திபூரில் நடந்த இறுதிப் போட்டியில் ஐக்கிய அரபு இராச்சியத்தை 117 ஓட்டங்களுக்குள் சுருட்டி நேபாளம் வென்றது. அதற்குக் கீழேயும் ஒரு படி இருக்கிறது: சலஞ்சர் கிண்ணம். மாலைதீவு, பூட்டான் போன்ற அணிகள் ஆடும் இடம் அது. 2023இல் அங்கே முதலிரண்டு இடம் பிடித்த சவூதி அரேபியாவும் பஹ்ரைனும் பிரீமியர் கிண்ணத்துக்கு உயர்ந்தன.

ஏறியவர் அங்கேயே குந்தியிருக்கவும் முடியாது. 2024இல் நேபாளம் நான்காவதாக வந்தது, இடம் மூன்றுதான். அதனால் 2025 ஆசியக் கிண்ணத்தில் நேபாளம் இல்லை, ஹொங்கொங் இருந்தது. அந்த ஹொங்கொங் டுபாயில் எடுத்த 149 ஓட்டங்களைத் தாண்ட இலங்கை ஆறு விக்கெட்டுகளைக் கொடுத்தது. அன்றிரவு எங்களில் பலர் தொலைக்காட்சிக்கு முன் எழுந்து நின்றுவிட்டோம்!

இனி எங்கள் பக்கம் வருவோம். குடாநாட்டில் கழகங்கள் வைக்கும் சுற்றுப்போட்டிகள் பல அழைப்பின் பேரில்தான் நடக்கின்றன. யாருக்கு யாரைத் தெரியும் என்பதே தகுதி. மீளக்குடியேறிய எங்கள் பிள்ளைகளின் அணி ஒன்று மூன்று வருடமாக ஒரே சுற்றுப்போட்டிக்கு விண்ணப்பம் கொடுக்கிறது. "இந்த முறை அணிகள் நிறைஞ்சிட்டுது தம்பி" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். இதை நாங்கள் இனப் பிரச்சினையாக்க வரவில்லை. வடமராட்சியிலும் தீவகத்திலும் உள்ள சின்னக் கழகங்களும் எங்களிடம் இதே கதையைத்தான் சொல்கின்றன.

"சின்ன அணியைப் பெரிய அணியோடு விட்டால் அடிபட்டுப் போகும், பார்க்கிற சனத்துக்கும் சுவாரசியமில்லை" என்கிறார்கள். அது உண்மைதான். 2006 ஏசிசி கிண்ணத்தில் மியன்மார் நேபாளத்திடம் 10 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. நேபாளம் இரண்டே பந்துகளில் ஆட்டத்தை முடித்தது. அதற்காக மியன்மாரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. அதன் பிறகு கிண்ணத்தையே எலைட், சலஞ்ச் என்று இரண்டாகப் பிரித்தார்கள். சின்னவன் தன் அளவுக்காரனோடு ஆடிப் பழகினான், வென்றால் மேலே போனான்.

ஆப்கானிஸ்தானின் முதல் தலைமுறை வீரர்கள் பாகிஸ்தானின் அகதி முகாம்களில் துடுப்புப் பிடிக்கப் பழகியவர்கள். 2008 மே மாதம் ஜேர்சித் தீவில், உலக கிரிக்கெட் லீக்கின் 5ஆம் பிரிவில் ஆடி வென்றார்கள். 2017இல் டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. 1990 ஒக்டோபரில் இங்கிருந்து விரட்டப்பட்டு, புத்தளத்து முகாம்களில் தென்னை மட்டையால் ஆடி வளர்ந்த எங்களுக்கு அந்த ஒன்பது வருடக் கணக்கு வெறும் விளையாட்டுச் செய்தி அல்ல. அவர்களிடம் திறமை இருந்தது, சரி. ஆனால் 5ஆம் பிரிவு என்று ஒரு வாசல் இல்லாவிட்டால் அந்தத் திறமையை யார் கண்டிருப்பார்கள்?

ஆகவே கழக நிர்வாகிகளிடம் நாங்கள் கேட்பது பெரிய காரியமல்ல. அடுத்த பருவத்தில் பதினாறு அணிகள், இரண்டு பிரிவுகள். மேல் பிரிவில் கடைசி இரண்டு அணிகள் இறங்கட்டும், கீழ்ப் பிரிவில் முதல் இரண்டு ஏறட்டும். விதியை முதல் பந்து வீசுவதற்கு முன்பே எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள். இறுதிப் போட்டி முடிந்த பிறகு அல்ல. மென்பந்தா கடினப்பந்தா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். நோன்பு மாதத்தில் மட்டும் அரையிறுதி வைக்காதீர்கள், வெயிலில் பிள்ளைகள் பாவம்.

ஓட்டப் பதிவேடு எழுத ஆசிரியர்கள் நாலு பேர் நாங்கள் வருகிறோம். சம்பளம் வேண்டாம், தேநீர் போதும்.