ஒரு மணி மாறினால்...



2024ம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. மூவருமே கம்ப்யூட்டர் துணையுடன் புரதங்களை ஆராய்ந்தவர்கள். 'அப்படியானால், இனி எல்லா நோய்க்கும் காரணத்தைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுமே!' என்று நீங்கள் நினைக்கலாம். அது எவ்வளவு தூரம் உண்மை? பார்ப்போமா?

பருப்பிலும் முட்டையிலும் புரதம் உண்டு என்று படித்திருப்பீர்கள். நம் உடலுக்குள்ளும் பல்லாயிரம் வகைப் புரதங்கள் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மணிமாலை மாதிரி. 20 வகை அமினோ அமிலங்கள்தான் அதன் மணிகள். இந்த மாலை சுருண்டு மடிந்து தனக்கென ஒரு வடிவம் பெறும். பூட்டுக்கு ஏற்ற சாவி போல, வடிவம் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதிலுள்ள 'பீட்டா' மாலையில் 146 மணிகள். 6வது மணி ஒன்று மட்டும் மாறிவிட்டால், ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பி போல் நீண்டுவிடும். வட்டமான சிவப்பணு, கதிர் அறுக்கும் அரிவாள் போல வளைந்து சிறு ரத்தக்குழாய்களை அடைக்கும். கடுமையான வலி வரும். இதுதான் அரிவாள் செல் ரத்தசோகை. தொட்டால் ஒட்டாது, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பரம்பரையாக வருவது. நம் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடமும் இந்நோய் உண்டு. அந்த ஒற்றை மணி மாற்றத்தை 1950களில் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தவர் வெர்னான் இங்ராம்.

ஒரு புரதத்தின் வடிவத்தை எக்ஸ்ரே கதிர் கொண்டு கண்டறியப் பல ஆண்டுகள்கூட ஆகும். அப்படிக் கண்டறிந்த வடிவங்களை, 1971ல் தொடங்கிய ஒரு பொதுத் தொகுப்பில் உலக விஞ்ஞானிகள் சேர்த்து வந்தார்கள். 2020க்குள் அவை ஒன்றரை லட்சத்தைத் தாண்டின. ஹசாபிஸ், ஜம்பர் குழுவினரின் 'ஆல்ஃபாஃபோல்டு' என்ற கம்ப்யூட்டர் திட்டம் அவற்றைப் பார்த்துத்தான் பாடம் கற்றது. 2022ல், 20 கோடிக்கும் அதிகமான புரதங்களின் வடிவத்தைக் கணித்து, எல்லாருக்கும் இலவசமாகத் தந்தது!

இதில் நமக்கும் பெருமை உண்டு. புரத மாலை எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று 1963ல் வரைபடமாகக் காட்டியவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும் அவருடன் உழைத்தார்கள். ஒரு புரத வடிவம் சரிதானா என்று சோதிக்க இன்றும் 'ராமச்சந்திரன் வரைபடம்' பயன்படுகிறது.

சரி, கேள்விக்கு வருவோம். மாலையின் வடிவத்தைக் கணிப்பதில் ஆல்ஃபாஃபோல்டு கெட்டிக்காரன்தான். ஆனால், ஒரு மணி மாறினால் என்ன கேடு வரும் என்று சொல்வதற்காக அது உருவாக்கப்படவில்லை. அது தருவது கணிப்பே. எந்தப் பகுதியை எவ்வளவு நம்பலாம் என்று 100க்கு இத்தனை என அதுவே மதிப்பெண் போட்டும் காட்டுகிறது. மருந்து தேடுவோருக்கு அது வழிகாட்டி. கண்டுபிடித்த மருந்து உடலுக்கு ஏற்றதா என்பதை ஆய்வுக்கூடத்திலும், பிறகு நோயாளிகளிடம் கவனமாகவும் சோதித்தே ஆக வேண்டும்.

ஆகவே செல்லங்களே, 'கம்ப்யூட்டர் சொன்னது' என்று யாராவது சொன்னால், 'சோதித்துப் பார்த்தார்களா?' என்று கேளுங்கள். விஞ்ஞானம் அந்தக் கேள்வியில்தான் வளர்கிறது!